குரைக்கும் பலகையா, படுத்திருக்கும் நாயா?

கம்பத்திலிருந்து ஜீப்பில் குமுளி ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் மலையாளச் சொற்களை மனத்தில் இருத்திக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு. மலையாளத்தில் 'பட்டி' என்றால் நாய். அதற்குத் திண்ணையில் படுத்திருக்கும் ஒரு நாயை நினைத்துக்கொள்ளலாம், அல்லது ஆண்டிபட்டி ஊர்ப்பலகையே வாலை ஆட்டிக் குரைப்பதாகக் கற்பனை செய்யலாம். முதலாவது எளிது என்றாலும், சொல்லின் ஒலியைப் பிடித்துக்கொள்ள அதில் கொக்கி ஏதுமில்லை; இரண்டாவதில் ஒலியும் பொருளும் ஒரே காட்சியில் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. கடிதத்தைக் குறிக்கும் 'கத்து' என்ற சொல்லுக்கு, தபால் பெட்டிக்குள்ளிருந்து தொண்டை கிழியக் கத்தும் உறை ஒன்று போதும்.

ஆயினும் விசித்திரம் எப்போதும் வெல்வதில்லை. உளவியலாளர்களான மெக்டேனியலும் ஐன்ஸ்டீனும் (இவர் இயற்பியலாளர் ஐன்ஸ்டீன் அல்லர்) 1986-இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண வாக்கியங்களுக்கு நடுவே கலந்து வந்த விசித்திர வாக்கியங்களே மேலாக நினைவில் நின்றன. பட்டியல் முழுவதும் விசித்திரமாக இருந்தபோது அந்த அனுகூலம் மறைந்தது. ஆகவே, தண்ணீரைக் குறிக்கும் 'வெள்ளம்' போல நாள்தோறும் காதில் விழும் சொற்களுக்குச் சாதாரணக் காட்சியே போதும். குரைக்கும் பலகைகளைச் சண்டித்தனம் செய்யும் சொற்களுக்கு மட்டும் ஒதுக்கி வைப்பது என் வழக்கம்.