வேலூர் டூ கோவை 54 நிமிஷமாம்! டிஸ்டன்ஸ் ஆப் ரிவ்யூ

ரெண்டு ஊர் பேர் போட்டா தூரம், ஃப்ளைட் டைம் எல்லாம் காட்டுற ஆப் ஒன்னு எங்க லாட்ஜ் பசங்க போன்ல எல்லாம் இருக்கு, பேர் வேணாம், இந்த மாதிரி நிறைய கீது, எல்லாம் ஒரே மாதிரி தான். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வர்ற பேஷண்ட் கூட வர்றவங்க இத காட்டி தான் கேள்வி கேக்கறாங்க, அதான் எழுதறேன்.

வேலூர், கோயம்புத்தூர்னு போட்டேன். 316 கிலோமீட்டர், ஃப்ளைட் டைம் 54 நிமிஷம்னு வந்துச்சு. 316 சரிதான், ஆனா அது மேப்ல ஸ்கேல் வச்சி கோடு போட்ட தூரம், ரோட்ல போனா 380 பக்கம் வரும். அந்த 54 எப்படி வருதுன்னு பாத்தா சிரிப்பு தான். தூரத்த மணிக்கு 800 கிலோமீட்டர்னு வகுத்து, ஏறி இறங்க ஒரு அரை மணி நேரம் சேத்துடறான், அவ்ளோ தான் மேட்டரு. திருப்பதி போட்டு பாருங்க, 85 கிலோமீட்டர், 36 நிமிஷம்னு சொல்லும். வேலூர்ல இருந்து திருப்பதிக்கு யாருய்யா ஃப்ளைட் உடறான்?

பக்கத்து ஏர்போர்ட்னு வேற வேலூர் ஏர்போர்ட்ட காட்டுது. அப்துல்லாபுரத்துல ரன்வே கீது, சின்ன ஊருக்கெல்லாம் ஃப்ளைட் உடற சென்ட்ரல் கவர்மெண்ட்டோட உடான் திட்டத்துலயும் பேர் கீது, நான் இத எழுதற வரைக்கும் டிக்கெட் போட்டு ஏற ப்ளேன் தான் இல்ல. வெளியூர்க்காரங்க இத பாத்துட்டு ஆட்டோ புடிச்சி ஏர்போர்ட் போலாமான்னு கேக்கறாங்க, அவங்களுக்கு இன்னான்னு சொல்றது.

நெசமா ஃப்ளைட்ல தான் கோவை போவேன்னா கணக்கு இப்படி வரும். கோவை நமக்கு தென்மேற்குல, நீங்க மொதல்ல கிழக்க மீனம்பாக்கத்துக்கு ஒரு 125 கிலோமீட்டர் போவணும், ராணிப்பேட்டை, வாலாஜா தாண்டி ஸ்ரீபெரும்புதூர் கிட்ட டிராஃபிக்ல மாட்டினா மூணு மணி நேரம் கூட ஆவும், அப்புறம் செக்-இன், செக்யூரிட்டின்னு ஒன்றரை மணி நேரம், ஃப்ளைட் ஒன்னேகால் மணி நேரம் பக்கம், பீளமேட்டுல இறங்கி டவுனுக்கு வேற போவணும். ஆறு மணி நேரம் ஓடிப்போச்சா? காட்பாடில காலைல கோவை எக்ஸ்பிரஸ் ஏறினா மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு அங்க இறங்கிடலாம், சார்ஜ் எவ்ளோ கம்மின்னு உங்களுக்கே தெரியும்.

ஆனா ஆப் சுத்த வேஸ்ட்னும் சொல்ல மாட்டேன். சென்னை டூ கொல்கத்தா போட்டா 1,360 கிலோமீட்டர் பக்கம், 2 மணி 12 நிமிஷம்னு காட்டுச்சு, டிக்கெட்ல 2 மணி 20, 30ன்னு இருக்கும், கிட்டத்தட்ட சரி. தூரம் ஜாஸ்தியானா அந்த அரை மணி நேர கணக்குல வர்ற தப்பு பெருசா தெரியாது. கிட்ட கிட்ட ஊருக்கு தான் மானம் போவுது, ஏன்னா ரன்வேல ஊர்ந்து போற டைம், மேல சுத்தி வர்ற டைம் எல்லாம் தூரத்துக்கு தகுந்த மாதிரி குறையாது இல்ல.

மைல், நாட்டிக்கல் மைல்னு மாத்தி காட்டற வசதியும் கீது, யாருக்கு வேணுமோ. விளம்பரம் தான் தாங்கல, ரெண்டு தட்டு தட்டினா ஒன்னு வந்து நிக்குது.

அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார். பெங்கால், அசாம் பக்கம் போறவங்க வச்சிக்கோங்க. கோவை, சேலம், ஈரோடு போறவங்க ரயில் டைம் பாருங்க, லீவு நாள்னா டிக்கெட் முன்னாடியே போட்டு வைங்க, காட்பாடில வெயிட்டிங் லிஸ்ட் ஓவரா போவுது.