மெட்டல் கியர் என்று சொல்லி பிளாஸ்டிக் சர்வோவை விற்கிறார்கள், எடை போட்டு வாங்குங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஆர்சி விமானத்துக்கு (ரிமோட்டில் பறக்கும் சின்ன விமானம்) சர்வோ, அதாவது அதன் தகடுகளை அசைக்கும் குட்டி மோட்டார், வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

புதுச்சேரியில் கல்லூரி புராஜெக்ட் சாமான்கள் விற்கிற ஒரு கடையில் எம்ஜி90எஸ் என்ற மெட்டல் கியர் மாடல் சர்வோ நான்கு வாங்கினேன். ஒன்று 280 ரூபாய். "முழுக்க மெட்டல் கியர்தானே அண்ணே?" என்று கேட்டேன். "ஒரிஜினல் தம்பி, நம்பி எடுத்துட்டுப் போங்க" என்றார்.

கடலூருக்கு வெளியே, அறுவடை முடிந்த வயலில் பறக்கவிட்டோம். கீழே இறக்கி மறுபடி மேலே தூக்கும்போது எலிவேட்டர் (மூக்கை மேலும் கீழும் திருப்பும் வால் தகடு) அசையவே இல்லை. ரிமோட் ஸ்டிக்கை முழுக்க இழுத்தும் விமானம் மூக்குக் குத்தி விழுந்தது. மோட்டார் மவுன்ட் பிய்ந்தது, இறக்கை இரண்டாகிவிட்டது. அந்த இடத்தில் ஆள் யாரும் இல்லை, அதுவே பெரிய புண்ணியம்.

வீட்டுக்கு வந்து எலிவேட்டர் சர்வோவின் அடித் திருகுகளைக் கழற்றி மேல் மூடியைத் திறந்தேன். தகட்டை இழுக்கும் ஆர்ம் மாட்டுகிற கடைசி கியர் மட்டும்தான் பித்தளை. உள்ளே இருந்ததெல்லாம் வெள்ளை பிளாஸ்டிக். நடு கியரில் வரிசையாகச் சில பற்கள் மழுங்கி, அதன் தூள் கிரீஸில் ஒட்டிக்கிடந்தது. மற்ற மூன்றையும் திறந்து பார்த்தேன், எல்லாம் அதே கதைதான்.

கடைக்கு எடுத்துப்போனால், "விழுந்த அடியில பல்லு போயிருக்கும் தம்பி. வித்த சாமானைத் திரும்ப எடுக்கறதில்ல" என்கிறார். சரி, பல் எப்போது வேண்டுமானாலும் போயிருக்கட்டும். விழாத சர்வோவுக்குள்ளும் பிளாஸ்டிக் எப்படி வந்தது? அதற்கு அவரிடம் பதில் இல்லை.

பிளாஸ்டிக் கியர் மோசம் என்று சொல்லவில்லை. எஸ்ஜி90 என்ற மாடல் பிளாஸ்டிக்தான், 9 கிராம், 4.8 வோல்ட்டில் 1.8 கிலோ-செ.மீ. டார்க் (திருகு விசை). சின்ன ஃபோம் விமானத்தின் எயிலரானுக்கு (இறக்கையின் பின் ஓரத்தில் அசையும் தகடு) அது தாராளம். அதை அந்தப் பெயரிலேயே, அந்த விலைக்கே விற்கட்டும். கல்லூரி புராஜெக்டில் மேசை மேல் இருக்கிற ரோபோ கை நின்றுபோனால் மதிப்பெண்தான் குறையும். விமானத்தில் எலிவேட்டர் நின்றால் யார் தலையிலாவது விழும்.

எம்ஜி90எஸ் சுமார் 13.4 கிராம் இருக்க வேண்டும். எனக்குக் கொடுத்தவை பத்தைக்கூடத் தொடவில்லை. நகைத் தராசு ஒன்று கையோடு கொண்டுபோங்கள். சர்வோ டெஸ்டரில் (சர்வோவைத் தனியாக இயக்கிப் பார்க்கும் சின்னக் கருவி) மாட்டி, இடமும் வலமும் திருப்பிவிட்டு நடுவுக்குக் கொண்டுவந்தால் இரண்டு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறதா பாருங்கள். நிற்காமல் சுற்றிக்கொண்டே போனால் அது 360 டிகிரி வகை, சக்கர வண்டிக்குத்தான் ஆகும். அதுவும் அச்சு அசல் இதே கூட்டில்தான் வருகிறது.

பில்லில் 'எம்ஜி90எஸ், மெட்டல் கியர்' என்று எழுதி வாங்குங்கள். பில் தராததும், பில்லில் வேறு கெடு இல்லாதபோது பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். என் பில்லையும் கியர் படங்களையும் வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துவிட்டேன். பணம் வந்ததா இல்லையா என்பதை அப்புறம் எழுதுகிறேன்.