தலையாட்டி பொம்மையை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் எடை போட்டு வையுங்கள்

கும்பகோணம் பக்கம் நவராத்திரிக்கு முன்னால் கொலு பொம்மை ரிப்பேர் பார்க்கும் ஒருவரிடம் கொடுத்த எங்கள் பழைய தஞ்சாவூர் தலையாட்டி நாட்டியப் பொம்மை பாழாகித் திரும்பி வந்திருக்கிறது. இருந்த பழுது இரண்டுதான்: வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது, கழுத்து விளிம்பு உடைந்திருந்தது. "ஜிஐ பொம்மை சார், அசல் பாகமே போட்டுத் தர்றேன்" என்று 2,200 ரூபாய் வாங்கினார். போட்டுக் கொடுத்தது எம்சீலில் பிடித்த கை, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் நிரப்பிய தலை, எல்லாவற்றுக்கும் மேல் ஸ்பிரே பெயின்ட். இப்போது மேலுடம்பு வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. தலை ஆடவே இல்லை.

ஜிஐ, அதாவது புவிசார் குறியீடு, என்ற பேச்சில் முதலில் மயங்காதீர்கள். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைக்கு 2008-09இல் கிடைத்த புவிசார் குறியீடு அந்த ஊரில் அந்த முறைப்படி செய்யும் பொம்மைக்கு உரியது. ரிப்பேர்க் கடையில் உருட்டிய கைக்கு அது சான்று ஆகாது.

நாட்டியப் பொம்மை தனித்தனித் துண்டுகளால் ஆனது. ஒரு துண்டின் கம்பிமேல் அடுத்த துண்டு உட்கார்ந்து ஆடும். சிலதில் கூரான முனை தாங்கும், சிலதில் குறுக்குக் கம்பி. எதுவானாலும் விதி ஒன்றுதான்: ஆடும் துண்டின் கனம் தாங்கும் இடத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கொஞ்சம் கீழே இருந்தால் மெதுவாக, அழகாக ஆடும். ரொம்பக் கீழே போனால் வெடுக்வெடுக்கென்று ஆடி நின்றுவிடும். மேலே ஏறினால் கவிழும். இவை பெரும்பாலும் காகிதக் கூழில் செய்யப்படுகின்றன. லேசான கூழில் ஒரு கிராம் கூடினாலும் ஆட்டத்தில் தெரிந்துவிடும்.

அவர் போட்ட எம்சீல் கையை அறுத்து எடுத்து எடை போட்டால் 9 கிராம். அதே அளவில் கூழில் செய்து காய வைத்த கை 3 கிராம். கூடுதல் 6 கிராம் தாங்கும் முனையிலிருந்து 5 செ.மீ. தள்ளி இழுக்கிறது. எதிர்ப்பக்கம் 2 செ.மீ. தூரத்தில் அதைச் சரிக்கட்ட 15 கிராம் தேவை. அதற்காக இடது தோளுக்குள் இன்னொரு எம்சீல் உருண்டையை அப்பியிருக்கிறார். தோள், தாங்கும் முனையைவிட உயரத்தில் இருப்பதால் மொத்தக் கனமும் மேலே ஏறிவிட்டது. சாய்வும் முழுசாகத் தீரவில்லை. தலையிலும் அதே கதை: உச்சிவரை பிளாஸ்டர், வைத்தால் கவிழ்கிறது. கவிழாமல் இருக்கக் கம்பி முனையில் பெவிக்விக்கை விட்டு ஒட்டியிருக்கிறார். டார்ச் அடித்துக் கழுத்துக்குள் பார்த்தால் முனையைச் சுற்றிக் கண்ணாடிபோல ஒரு சொட்டு உறைந்து நிற்பது தெரிகிறது. ஆட வேண்டிய பொம்மையை ஒட்டி வைத்ததற்கு ரிப்பேர் என்று பெயர் சொல்வது பச்சை ஏமாற்று.

இந்தக் கையை வீட்டிலேயே செய்துவிடலாம். மை குறைவான பழைய செய்தித்தாளை இரண்டு நாள் ஊற வைத்து அரைத்துப் பிழியுங்கள். பிழிந்த கூழ் 100 கிராமுக்கு, மரவள்ளி மாவில் காய்ச்சிய பசை 40 கிராம், சாக் பவுடர் 30 கிராம் போதும். பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அண்டாது. அது விஷம். சமையல் பாத்திரத்தில் காய்ச்சாதீர்கள், கையுறை போடுங்கள். உள்ளே எலும்பாக மெல்லிய பித்தளைக் கம்பி வைக்கலாம். இரும்புக் கம்பி ஈரத்தில் துருப்பிடித்து ஊதிக் கூழைப் பிளந்துவிடும். கூழ் காயும்போது சுருங்கும், ஆகவே இடது கையைவிட ஒரு சுற்றுப் பெரிதாகவே பிடியுங்கள்.

நிழலில் நாலு நாள் காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நம் டெல்டாப் பக்கம் ஒரு வாரம் ஆனாலும் உள்ளே ஈரம் நிற்கும், அவசரப்பட்டுப் பெயின்ட் அடித்தால் பூஞ்சை பிடித்துக் கொப்பளிக்கும். தினமும் எடை போடுங்கள். இரண்டு நாள் எடை மாறாமல் இருந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு 120, 220 நம்பர் உப்புத்தாளில் தேயுங்கள், மேலே சாக் பவுடரும் பசையும் கலந்த மெல்லிய பூச்சு.

பெயின்டுக்கு முன் ஒட்டாமல், மெழுகால் மட்டும் கையைப் பிடிக்க வைத்து மேலுடம்பைக் கம்பியில் ஏற்றிப் பாருங்கள். சாய்ந்தால் எதிர்ப்பக்கம் உள்சுவரில், முனைக்குக் கீழே, மெழுகைச் சிறிது சிறிதாக ஒட்டி நிமிர்த்துங்கள். நிமிர்ந்த பிறகே பெவிகால். வண்ணத்தைப் புதுக் கையில் மட்டும் பூசுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம். எங்கள் பொம்மையில் அவர் அடித்த ஸ்பிரேக்குக் கீழே பழைய சரிகைக் கோடுகள் புதைந்துவிட்டன. தின்னர் வைத்தால் இரண்டும் சேர்ந்தே கரையும்.

வெளியே கொடுத்தே ஆக வேண்டுமானால், ஒவ்வொரு துண்டையும் தனியாக எடை போட்டு, தராசோடு போட்டோ எடுத்து வையுங்கள். தலை ஆடுவதை வீடியோ எடுங்கள். என்ன பொருளில் பாகம் செய்வார், பழைய பூச்சைத் தொடுவாரா என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வாங்கும்போது அங்கேயே ஆட்டிப் பாருங்கள். உடைந்த துணுக்குகளையும் திருப்பித் தரச் சொல்லுங்கள், கனமும் தடிமனும் அவற்றில்தான் தெரியும். எங்கள் பொம்மையின் கழுத்துத் துண்டுகளைக் கேட்டதற்கு, குப்பையில் போட்டாச்சு என்றார். பணமும் வரவில்லை.