எட்டு வருஷம், வாரம் ஒரு பூ அலங்காரம்: சாமான்களில் எது நின்றது, எது போனது

கோவையில் அக்காவின் பல் மருத்துவமனை திறந்த புதிதில் வரவேற்பு மேஜையில் பிளாஸ்டிக் ரோஜா இருந்தது. ஒரே மாதத்தில் தூசி ஏறிப் பார்க்கச் சகிக்கவில்லை. "திங்கக்கிழமை காலைல நீ சும்மாதானே இருக்க, நல்ல பூவா வாங்கி வெச்சுக் குடுடா" என்றார். அப்படி ஆரம்பித்தது. திங்கள் காலை வைத்தால் சனி இரவு வரை நிற்க வேண்டும், நாள் முழுக்க ஏசி, மேஜை இரண்டடி அகலம், பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகத்தை மறைக்கக் கூடாது. இந்த நிபந்தனைகளோடு எட்டு வருஷம் ஓடிவிட்டது. நான் தொழில்முறை ஆள் இல்லை, கல்யாண மேடை எதுவும் போட்டதில்லை. அதனால் மேஜை மேல் ஒரு வாரம் நிற்கும் சின்ன அலங்காரத்துக்கு மட்டும்தான் இந்த அனுபவம் பொருந்தும்.

முதலில் வாங்கியது எல்லோரும் வாங்கும் அந்தப் பச்சை ஃபோம் கட்டிதான், கடைக்காரர்கள் ஸ்பாஞ்ச் என்பார்கள். செங்கல் வடிவம், கத்தியில் வெண்ணெய் மாதிரி அறுபடும், பூவை எந்தக் கோணத்தில் குத்தினாலும் அப்படியே நிற்கும். கற்றுக்கொள்ளும் ஆளுக்கு இதைவிடச் சுலபம் எதுவும் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் மூன்று மாதம் புதன்கிழமையே பாதிப் பூ தலை தொங்கியது, காரணம் புரியவில்லை. தப்பு என்னுடையதுதான்: கட்டியை வாளித் தண்ணீருக்குள் கையால் அமுக்கி நனைத்துக்கொண்டிருந்தேன். அப்படி அமுக்கினால் வெளிப்பக்கம் நனைந்து உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும், நடுவில் காய்ந்தே இருக்கும், தண்டின் நுனி போய் நிற்பது அந்தக் காய்ந்த இடத்தில்தான். தண்ணீர் மேல் மிதக்கவிட்டு, அதுவாக ஊறி அமிழும்வரை தொடாமல் இருக்க வேண்டும். இன்னொன்று, குத்திய பூவைப் பிடிக்கவில்லை என்று லேசாக மேலே இழுத்தால் தண்டுக்குக் கீழே ஒரு வெற்றிடம் உண்டாகும், அந்தப் பூவுக்குத் தண்ணீர் ஏறாது. முழுதாக வெளியே எடுத்து வேறு இடத்தில்தான் குத்த வேண்டும். ஒருமுறை நனைந்து காய்ந்த கட்டி மறுபடி ஒழுங்காகத் தண்ணீர் இழுக்காது, ஆக ஒவ்வொரு வாரமும் புதிது.

அதை நான் விட்டதற்குச் செலவு மட்டும் காரணம் இல்லை. அது ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த பிசின், அதாவது ஒருவகை பிளாஸ்டிக். நொறுங்கிப் பச்சைத் தூளாகிச் சாக்கடைக்குள் போகும், கரையாது. இரண்டாவது வருஷம் ஆஸ்பத்திரியின் பின்பக்கத் தொட்டி அடைத்துக்கொண்டது, பிளம்பர் குழாயைக் கழற்றினால் உள்ளே பச்சைச் சேறு. அன்று அக்கா பார்த்த பார்வை இருக்கிறதே! லண்டனில் செல்சீ மலர்க் கண்காட்சி நடத்தும் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டியே 2021 முதல் தங்கள் கண்காட்சிகளில் இந்த ஃபோமுக்குத் தடை போட்டுவிட்டது என்று பிற்பாடு படித்தேன். அதற்கு முன்பே எங்கள் தொட்டி எனக்குத் தடை போட்டாயிற்று.

அப்புறம் வந்ததுதான் கென்சான். நம் ஊர் பூ அலங்கார வகுப்புகளில் பின்ஹோல்டர் என்பார்கள், நான் வீட்டில் முள் தட்டு என்று சொல்லிப் பழகிவிட்டேன். கனமான ஈயத் தட்டின் மேல் பித்தளை ஊசிகள் நெருக்கமாக நின்றிருக்கும், அவ்வளவுதான் பொருள். இகெபானா என்ற ஜப்பானியப் பூ அலங்காரக் கலையில் ஆழமில்லாத தட்டில் பூ வைக்கும் மொரிபானா என்ற முறை உண்டு, ஒஹாரா பள்ளி தொடங்கியது. அந்த முறைக்கு இதுதான் ஆதாரம். நான் முதலில் ஆன்லைனில் மலிவாக ஒன்று வாங்கினேன், பித்தளை ஊசி என்று போட்டிருந்தது, நாலே மாதத்தில் துரு பிடித்து வெள்ளைத் தட்டில் செம்பழுப்பு வட்டம் விழுந்தது. பித்தளை முலாம் பூசிய இரும்பு. இப்போது யார் கேட்டாலும் ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைக் கையோடு எடுத்துப் போகச் சொல்கிறேன், ஊசியில் ஒட்டினால் வாங்காதீர்கள். இரண்டாவதாக வாங்கியது மூன்றங்குல வட்டம், விலை ஐந்து மடங்கு, ஆறு வருஷமாக ஒரு ஊசி விழவில்லை. எடைதான் அதன் உயிர். அடியில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டு கீறும், வழுக்கும். ஈயம் என்பதால் தொட்டபின் கை கழுவுவேன், சாப்பாட்டுப் பாத்திரத்தில் வைக்க மாட்டேன்.

பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும். செவ்வந்தி, ஜெர்பரா மாதிரி மென்மையான தண்டை நேராக வெட்டி ஊசியில் அமுக்கினால் போதும். மரக்கிளை என்றால் சாய்த்து வெட்ட வேண்டும், தடிமன் கூடுதலாக இருந்தால் அடியில் சிலுவை மாதிரி கீறிவிட வேண்டும், முதலில் நேராகக் குத்தி நிறுத்தியபின்தான் வேண்டிய பக்கம் சாய்க்க வேண்டும். எடுத்த எடுப்பில் சாய்வாகக் குத்தினால் பத்து நிமிஷத்தில் மேஜை மேல் படுத்துவிடும். நூல் மாதிரித் தண்டுதான் தலைவலி, இரண்டு ஊசிக்கு நடுவே நழுவிக்கொண்டே இருக்கும். மிச்சமான ஜெர்பரா தண்டில் ஒரு அங்குலம் வெட்டி அதற்குள் செருகி, இரண்டையும் சேர்த்துக் குத்துகிறேன்.

உயரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது, இகெபானாவிலிருந்து எடுத்துக்கொண்டது: பூ வைக்கும் தட்டின் குறுக்களவையும் ஆழத்தையும் கூட்டி அதை ஒன்றரையால் பெருக்கினால் முதல் தண்டின் நீளம். என் தட்டு 28 செ.மீ. அகலம், 6 செ.மீ. ஆழம், ஆக 51 செ.மீ. இரண்டாவது அதில் முக்கால், 38. மூன்றாவது அந்த இரண்டாவதில் முக்கால், சுமார் 29. முதல் தண்டு ஏறக்குறைய நேராக, இரண்டாவது பாதிச் சாய்வாக, மூன்றாவது நன்றாகப் படுத்தாற்போல முன்பக்கம். மீதியெல்லாம் முள் தட்டை மறைக்க இட்டு நிரப்புவது. ஒரு கட்டு முழுவதையும் திணித்துக்கொண்டிருந்தவன் இந்தக் கணக்குக்குப் பிறகு ஏழெட்டுப் பூவோடு நிறுத்திக்கொண்டேன், பூச்செலவு பாதியானது. (மிச்சம் அக்கா வீட்டுச் சாமி படத்துக்குப் போகிறது, அங்கே யாரும் கோணம் பார்ப்பதில்லை.)

கத்தரியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பேப்பர் கத்தரி தண்டை நசுக்கும், வேண்டாம். கவாத்துக் கத்தரியிலும் ஒரு அலகு மற்றதை உரசிக்கொண்டு தாண்டிப் போகும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், தட்டையான பலகை மேல் அலகு இறங்கும் வகை காய்ந்த குச்சிக்குத்தான் சரி.

உயரமான ஜாடிக்கு முள் தட்டு உதவாது. அதற்குக் கோழிக் கூண்டுக்கு அடிக்கும் அறுகோணக் கம்பி வலைதான். அரை மீட்டர் வாங்கித் தளர்வான பந்தாகச் சுருட்டி ஜாடிக்குள் விட்டால் தண்டுகள் இரண்டு மூன்று கண்ணிகளில் மாட்டி நிற்கும். லண்டனில் பூக்கடை வைத்திருந்த கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை 1930களிலேயே இதைப் பிரபலப்படுத்தியவர். பச்சை பிளாஸ்டிக் பூசிய வலை என்றால் துரு இல்லை. கண்ணாடி ஜாடியில் மட்டும் வேண்டாம், கீறும், அசிங்கமாகவும் தெரியும். அதற்கு வாய்ப்பகுதியில் மெல்லிய செலோடேப்பைச் சதுரங்கக் கட்டம் மாதிரி ஒட்டி, கட்டத்துக்கு ஒரு தண்டு விட்டால் போதும், ஆனால் விளிம்பு ஈரமாக இருந்தால் ஒட்டாது.

சாமானைவிட ஆயுளைத் தீர்மானிப்பது தண்ணீர். தண்டு வாடுவது பெரும்பாலும் தாகத்தால் அல்ல, அடைப்பால்: வெட்டுவாயில் காற்று புகும், அல்லது பாக்டீரியா பெருகிக் குழாயை மூடும். அதனால் வாங்கி வந்ததும் தண்ணீருக்குள் வைத்தே அடியில் ஓரங்குலம் வெட்டுகிறேன், மூழ்கும் இலையை உருவிவிடுகிறேன், ஞாயிறு சாயங்காலம் முதல் காலை வரை வாளியில் கழுத்தளவு நிற்கவைக்கிறேன். ஜெர்பரா மட்டும் விலக்கு. மயிர்த்தண்டு சீக்கிரம் அழுகும், இரண்டங்குலத் தண்ணீர் போதும். சர்க்கரை போட்டால் நல்லது என்பார்கள், நானும் போட்டேன், மூன்றாம் நாள் தண்ணீர் கொழகொழவென்று நாறியது. சர்க்கரை பூவுக்கு மட்டுமா சாப்பாடு, பாக்டீரியாவுக்கும்தானே. ஜாடி என்றால் லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, கூடவே சில சொட்டு பிளீச். மூன்றும் சேர்ந்தால்தான் வேலை செய்கிறது. முள் தட்டில் இதெல்லாம் கிடையாது, தினமும் தண்ணீர் மாற்றுவதோடு சரி. ஆஸ்பிரின், செப்புக் காசு இரண்டும் போட்டுப் பார்த்தேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு வாரம் மட்டும் கார்னேஷன் இரண்டே நாளில் இதழைச் சுருட்டித் தூங்கிவிட்டது. சாதாரணமாக நீலகிரிக் கார்னேஷன் எங்கள் ஏசி அறையில் பத்து நாளைக்கு மேல் நிற்கும், பூக்காரம்மாவிடம் போய்ச் சண்டையே போட்டேன். "எங்கிட்ட அதே கட்டு இன்னும் நிக்குதுங்க தம்பி, பக்கத்துல பழம் கிழம் வெச்சிருந்தீங்களா?" என்று கேட்டார். வைத்திருந்தோம். பல் கட்டிக்கொண்ட பெரியவர் ஒருவர் சந்தோஷத்தில் ஒரு சீப்புப் பூவம்பழம் கொண்டுவந்து கொடுத்திருந்தார், அது பூவுக்குப் பக்கத்திலேயே பழுத்துக்கொண்டிருந்தது. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு கார்னேஷனுக்கு விஷம். மன்னிப்புக் கேட்டு இரண்டு கட்டு கூடுதலாக வாங்கினேன்.

மேட்டுப்பாளையம் ரோடு பூ மார்க்கெட்டில் கிடைப்பதில் விலைக்கு மிக நன்றாக உழைப்பது என் கணக்கில் சம்பங்கிதான், சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து வருவது. மாலைக்கு எடை போட்டு விற்கும் உதிரி இல்லை, தண்டோடு கேட்க வேண்டும், அடுக்கு ரகம் என்றால் இன்னும் நல்லது. கீழிருந்து மேலாக மலரும், அதனால் தினமும் வாடிய கீழ்ப்பூவைக் கிள்ளி, உச்சி மொட்டில் நாலைந்தை முதலிலேயே ஒடித்துவிட்டால் ஒரு வாரம் தாராளம். வாசனை, ஆஸ்பத்திரியின் கிராம்பெண்ணெய் நெடியோடு போட்டி போடும். வாந்தி வருகிறது என்று ஒரே ஒரு நோயாளி சொன்னார், அவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது, எதைப் பார்த்தாலும் வாந்திதான் வந்திருக்கும். லில்லி வாங்கினால் மலரும்போதே மகரந்தப் பையை டிஷ்யூவால் எடுத்துவிடுங்கள். சட்டையில் பட்டால் தேய்க்காதீர்கள், நனைக்காதீர்கள், டேப்பை ஒட்டி எடுங்கள்.

ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் வாசலில் பெரிதாக வைக்க முள் தட்டு போதாது. அதற்கு வாழைத்தண்டு, கறிக்கு நறுக்கும் உள்தண்டு அல்ல, குலை வெட்டிய மரத்தை மட்டையோடு ஒரு சாண் நீளத்துக்கு அறுத்த துண்டு. கோயில் அலங்காரக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான், ஃபோமுக்கு அலைந்த எனக்கு இது தோன்ற நாலு வருஷம் ஆனது. உள்ளேயே ஈரம் உண்டு, ஸ்க்ரூடிரைவரால் துளை போட்டுத் தண்டைச் செருகினால் அசையாது. மூன்று நாள் தாங்கும், நாலாம் நாள் பழுத்து நாறும், தென்னை மரத்தடியில் போட்டுவிடலாம். பழைய சட்டை போட்டுக்கொண்டு அறுங்கள், வாழைக்கறை எந்தச் சோப்புக்கும் போகாது.

முள் தட்டுப் பராமரிப்பு ஒன்றுதான் பாக்கி. போர் தண்ணீர் ஊற்றினால் ஊசி அடியில் வெள்ளையாக உப்புப் படியும், சிறுவாணித் தண்ணீரில் அந்தத் தொல்லை இல்லை. மாட்டிக்கொண்ட நார்த்துணுக்கை எடுக்க அக்கா கழித்துக் கட்டிய பல் சுரண்டும் கொக்கியைத்தான் வைத்திருக்கிறேன், அதற்கென்றே செய்தது மாதிரி ஊசிகளுக்கு நடுவே போய்வருகிறது. வளைந்த ஊசியை நிமிர்த்த ஜப்பானில் தனிக் கருவியே விற்கிறார்கள், நான் தீர்ந்துபோன பேனாவின் உலோக ரீஃபிலை ஊசி மேல் மாட்டி நெம்புகிறேன்.