நின்று கிடந்த எம்ஜிபி: எழுப்பியதும், அதன்பின் ஓட்டி வருவதும்

இது 1969 எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது மேல்கூரை திறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி என்ஜின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் பிரேக். கைக்கு வந்தபோது பல வருடமாக ஒரே இடத்தில் நின்றிருந்தது. ஓட ஆரம்பித்துச் சில வருடம் ஆகிறது; வாரம் தவறாமல் எடுக்கிறேன்.

இப்படி ஒரு காரை எழுப்ப நினைப்பவர்கள் பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். என்ஜின் உறுமிவிட்டால் உடனே ஒரு சுற்று போய்வர மனம் துடிக்கும். போன வண்டி நிற்க வேண்டுமே! பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாற்றாமல் விட்டால் மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர் எல்லாம் உள்ளே துருப்பிடித்து இறுகிவிடும். ரப்பர் ஹோஸ்தான் மிகவும் ஏமாற்றும். வெளியே நன்றாகத் தெரியும், உள்சுவர் ஊதியிருக்கும். மிதித்தால் அழுத்தம் போகும், காலை எடுத்தாலும் திரும்பாது. சக்கரம் பிடித்தபடியே நிற்கும். ஹோஸ், சீல், பின் வீல் சிலிண்டர் அனைத்தையும் மாற்றினேன். டயரில் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் வயதான ரப்பரை நம்பக்கூடாது, அதையும் மாற்றினேன்.

பிறகு என்ஜின். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு நன்றாக ஊறவிட்டேன். அதன்பின் நான்காம் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளினேன், கிராங்க் சுற்றியது. பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும்போது செல்ஃப் அடித்தால் ரிங் உடையலாம், அதனால் இங்கே பொறுமை அவசியம். புது 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே செல்ஃபில் சுற்றவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழுந்த பிறகே பிளக்கை மாட்டினேன். இந்த என்ஜினில் வால்வுகளைத் திறக்க உதவும் டாப்பெட்டுகள், சுழலும் கேமில் உரசியே வேலை செய்பவை. ஆயிலில் துத்தநாகச் சேர்மானம் போதிய அளவு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இன்றைய கார்களுக்கான பல ஆயில்களில் அது குறைவு.

பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடையோடு பிசினாகிக் கிடந்தது. டேங்கை இறக்கிக் கழுவி, எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டேன். எஸ்யூ கார்புரேட்டர் எனக்கு மிகவும் பிடித்த பொருள்: அதற்குள்ளேயே இருக்கும் சிறு பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் தடையில்லாமல் இறங்கி ‘டக்’கென்று உட்கார வேண்டும். தயங்கினால் கழற்றித் துடைத்தால் போதும், பெரும்பாலும் சரியாகிவிடும். பிளக்குக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டைத் தேய்த்து 0.35 முதல் 0.40 மி.மீ. இடைவெளி வைத்ததும் பிளக்கில் பொறி வந்தது.

ஓட்டிப் பார்த்த பிறகே தெரியவந்தவையும் உண்டு. நிற்கும்போது கசியாத இடங்களெல்லாம் சூடு ஏறியதும் கசியத் தொடங்கின. டேங்கை எவ்வளவு கழுவியும் துருத்தூள் பெட்ரோல் ஃபில்டரில் வந்துகொண்டே இருந்தது. தெளியும்வரை ஃபில்டரை மாற்றிக்கொண்டே இருந்தேன். மின்கோளாறு என்று நினைத்தவற்றில் பெரும்பாலானவை எர்த் இணைப்பில் படிந்த பச்சைதான், உப்புத்தாள் தீர்த்துவிட்டது.

ஈயமில்லாத பெட்ரோல் எக்ஸாஸ்ட் வால்வு மூடும்போது உட்காரும் சீட்டைத் தின்றுவிடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. சீட் தேய்ந்தால் வால்வு இடைவெளி குறைந்துகொண்டே வரும். இதில் அது 0.38 மி.மீ. இருக்க வேண்டும், ஒவ்வொரு சர்வீஸிலும் அளக்கிறேன், இதுவரை சுருங்கவில்லை. நெடுந்தூரம் முழு வேகத்தில் விரட்டுபவர்கள் சிலிண்டர் ஹெட்டை இறக்கும்போது கடின சீட் போட்டுக்கொள்வது நல்லது.

சில வாரம் எடுக்காமல் விட்டால் உடனே தெரிகிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் ஃப்ளோட் கிண்ணம் வற்றிவிடுகிறது, பெட்ரோல் பம்ப் நெடுநேரம் துடித்த பிறகே ஸ்டார்ட் ஆகிறது. என்ஜின் முழுச் சூடேறும்வரை ஓட்டினால்தான் ஆயிலில் சேர்ந்த ஈரமும் வெளியேறும். ஷெட்டுக்குள் ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பதைவிடச் சும்மா விடுவதே மேல்.

லீவர் வகை ஷாக் அப்சார்பரை எடுத்துவிட்டு நவீன டெலஸ்கோபிக் போடச் சொல்பவர்கள் நிறைய. சீல் நன்றாக இருந்து, ஆயில் மட்டமும் சரியாக இருந்தால் வளைவுகளில் பழைய லீவர் வகையே இந்த வண்டிக்குப் பொருத்தமாக வேலை செய்கிறது. நான் மாற்றப்போவதில்லை.