எஃப்ஆர்எம் ஆன்லைன் வகுப்பு: வினா வங்கிக்காக வாங்கலாம்

வங்கியின் கடன் பிரிவில் ஆறு வருடம் கோப்பு பார்த்தவன் நான். வருமானச் சான்றைச் சரிபார்த்து, குறிப்பு எழுதி மேலே அனுப்புவேன். அவற்றில் சில, “இடர் பிரிவு ஒப்பவில்லை” என்ற ஒற்றை வரியோடு திரும்பி வரும். இந்த வரியை எழுதுகிறவர்கள் எதைப் பார்த்து எழுதுகிறார்கள் என்ற எரிச்சலில்தான் அந்த இடர் பிரிவுக்கு, அதாவது ரிஸ்க் பக்கம், போகிற ஆசையே வந்தது.

அதற்குத் தகுதித் தேர்வு என்று விசாரித்தால் எல்லாரும் சொல்வது எஃப்ஆர்எம், அதாவது ‘ஃபைனான்ஷியல் ரிஸ்க் மேனேஜர்’. 1996-இல் தொடங்கிய கார்ப் என்கிற சர்வதேச ரிஸ்க் வல்லுநர் அமைப்பு நடத்துவது. முதல் பகுதியில் 100 கேள்வி, இரண்டாம் பகுதியில் 80, ஒவ்வொன்றுக்கும் நான்கு மணி நேரம். இரண்டையும் தாண்டினாலும் இரண்டு வருட வேலை அனுபவத்தைக் காட்டினால்தான் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். வேலை பார்த்துக்கொண்டே தனியாகப் படிக்க முடியாது என்று பயந்து, பதிவு செய்த காணொளி, வினா வங்கி, மாதிரித் தேர்வு எல்லாம் சேர்ந்த ஓர் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், இதே அச்சில் வார்த்த வகுப்புகள் நிறைய இருக்கின்றன.

முதலில் நல்லது. ஆசிரியருக்குக் கதை சொல்ல வருகிறது. அமெரிக்க வங்கியான ஜேபி மார்கனில், லண்டன் வர்த்தகர் ஒருவரின் பெரிய பந்தயங்களால் 2012-இல் 620 கோடி டாலருக்கு மேல் நஷ்டமான ‘லண்டன் வேல்’ (லண்டன் திமிங்கிலம்) விவகாரத்தை எடுத்தவர், திரையில் வெறும் எக்செல் தாளைத் திறந்தார். பழைய விகிதம் 100, புதியது 104. வித்தியாசமான 4-ஐ இரண்டின் சராசரியான 102-ஆல் வகுத்தால் 3.92 சதவீதம். அங்கே நடந்ததோ, சராசரிக்குப் பதில் கூட்டுத்தொகையால் வகுத்தது. 204-ஆல் வகுத்துக் காட்டினார்: 1.96. ஏற்ற இறக்கம் பாதியாகத் தெரிகிறது, அதனால் ‘வேல்யூ அட் ரிஸ்க்’ (எவ்வளவு நஷ்டம் வரலாம் என்ற மதிப்பீடு) எண்ணும் இருக்கவேண்டியதைவிடக் குறைவாக வருகிறது. மொத்த நஷ்டத்துக்கும் அந்த ஒரு கட்டம்தான் காரணம் என்று அவர் அளக்கவில்லை, அதுவும் பிடித்தது. அன்றிலிருந்து யார் எக்செல் அனுப்பினாலும் எண்ணைப் பார்ப்பதற்கு முன் சூத்திரத்தைத் தட்டிப் பார்க்கிறேன்.

வேல்யூ அட் ரிஸ்க் பாடமும் அப்படித்தான். ஒரு நாளைக்கு, 99 சதவீதத்தில் 10 கோடி என்றால், “அதிகபட்சம் 10 கோடிதான் போகும்” என்று நானும் நினைத்திருந்தேன். நூறு நாளில் ஏறக்குறைய ஒரு நாள் அதைத் தாண்டும், எவ்வளவு தாண்டும் என்பதை அந்த எண் சொல்லாது என்று தலையில் குட்டிய மாதிரி சொன்னார். 250 நாளில் நான்கு முறை வரை தாண்டினால் பச்சை, ஐந்து முதல் ஒன்பது மஞ்சள், பத்தோ அதற்கு மேலோ என்றால் சிவப்பு என்ற, வங்கிகளுக்கான சர்வதேச பாசல் விதிகளின் கணக்கையும் சேர்த்துப் படித்தபோதுதான் விஷயம் மனதில் உட்கார்ந்தது. பிற்பாடு நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

இனி குறைகள். அதே ஆசிரியர் எல்லாக் கணக்கையும் எக்செலில்தான் போடுகிறார். தேர்வில் எக்செல் ஏது? அனுமதித்த சில கால்குலேட்டர்களில் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு கேள்வியை இரண்டரை நிமிடத்துக்குள் முடிக்கவேண்டும். பிஏ டூ பிளஸ் என்ற கால்குலேட்டரில் எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதை நானே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டேன். சில காணொளிகள் பழைய பாடத்திட்டத்தில் எடுத்தவை. “இந்தப் பகுதியைத் தாண்டிப் போகவும்” என்று கீழே ஒரு வரி ஓடுகிறது. அந்த வரிக்கும் சேர்த்துத்தானே பணம் கட்டினேன்! சந்தேகம் கேட்டால் பதில் வர ஒன்பது நாள். அதற்குள் அந்த அத்தியாயமே மறந்துவிடும்.

வினா வங்கி மட்டும் தங்கம். தப்பான விடை ஒவ்வொன்றும் ஏன் தப்பு என்று தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். கடைசி எட்டு வாரம் காணொளிப் பக்கமே போகவில்லை, கேள்விகளை மட்டும் போட்டேன். முதல் பகுதியைத் தாண்டியது அதனால்தான்.

சரி, முதல் பகுதி முடிந்தது, ரிஸ்க் பிரிவுக்கு மாற்றலும் கிடைத்தது. இந்த வகுப்பின் விளம்பரம் ‘முதல் நாளிலேயே வேலைக்குத் தயார்’ என்கிறது. அங்கேதான் எனக்குச் சண்டை. வகுப்பில் கேள்வி இப்படி இருக்கும்: கடன் 1 கோடி, திருப்பிக் கட்டத் தவறும் வாய்ப்பு 2 சதவீதம், தவறினால் இழக்கும் பங்கு 45 சதவீதம், எதிர்பார்க்கும் நஷ்டம் எவ்வளவு? மூன்றையும் பெருக்கினால் 90 ஆயிரம். பத்து விநாடி வேலை. என் முதல் மாதத்தில் அந்த ‘கடன் 1 கோடி’ என்ற எண்ணைக் கண்டுபிடிப்பதே வேலையாக இருந்தது. எங்கள் அறிக்கையின் மொத்தமும் கணக்குப் பிரிவின் மொத்தமும் ஒத்துப்போகவில்லை. இரண்டு நாள் வரிவரியாகத் தேடும்போது இன்னொன்றும் சிக்கியது. ஒரே நிறுவனம், ஒரு இடத்தில் ‘பிரைவேட் லிமிடெட்’ என்றும் இன்னொரு இடத்தில் ‘பி. லிட்.’ என்றும் இரண்டு வாடிக்கையாளராகப் பதிவாகியிருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் ஒரு வாடிக்கையாளருக்கு இவ்வளவுதான் கடன் என்ற வரம்புக்குள், சேர்த்தால் வரம்பு மீறல்.

அப்புறம் அதைச் சொல்லவேண்டுமே. மீறலைப் பற்றி அரைப் பக்கக் குறிப்பு எழுதச் சொன்னார் மேலாளர். நான் மூன்று பக்கம் எழுதினேன், பாசல் விதி எண்ணெல்லாம் போட்டு. “முதல் வரியில் எவ்வளவு மீறல், இரண்டாவது வரியில் யார் என்ன செய்யணும். மத்ததை எடுத்துடுங்க” என்று சிவப்பு மையில் அடித்துத் தந்தார். கடன் பிரிவில் என்னோடு உட்கார்ந்திருந்த நண்பருக்குத்தான் அந்தக் குறிப்பு போனது. இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. நூற்றுச் சொச்சம் மணி நேரக் காணொளியில் இதற்கு ஒரு பத்து நிமிடம்கூடக் கிடையாது.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். வினா வங்கியைத் தனியாக விற்கிறார்கள். கடனோ ட்ரெஷரியோ (வங்கியின் சொந்தப் பணத்தையும் முதலீட்டையும் பார்க்கிற பிரிவு) பார்த்த அனுபவம் இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். வங்கிக்குள்ளேயே கால்வைக்காதவர்கள் முழு வகுப்பையும் எடுக்கலாம், அந்தக் கதைகளுக்காக. இரண்டாம் பகுதிக்கு நான் வினா வங்கியை மட்டும்தான் வாங்கியிருக்கிறேன். பேசாமல் இருந்த நண்பரும் இப்போது முதல் பகுதிக்குப் பதிவு செய்திருக்கிறார். என் பழைய கால்குலேட்டர் அவரிடம்தான் இருக்கிறது, எந்தப் பொத்தான் எதற்கு என்று தினம் ஒரு தடவை போன் வருகிறது.