லண்டன் செவிலியர் வேலை என்று நம்பி 1,84,500 ரூபாயை இழந்தோம்

மகள் லண்டன் போகப் போகிறாள் என்று திருச்சியில் உறவினர் எல்லோரிடமும் சொல்லிவிட்டோம். இன்று 1,84,500 ரூபாயை இழந்துவிட்டு, யார் முகத்திலும் விழிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறோம். செவிலியர் படிப்பு முடித்த பிள்ளைகள் உள்ள வீட்டார் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

மகள் தன் விவரங்களை ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில் பதிந்த பத்தாம் நாள், லண்டன் அரசு மருத்துவமனையின் பெயரில் மின்னஞ்சல் வந்தது. பிறகு தொலைபேசியில் நேர்காணல். பேசிய பெண் மருந்தளவுக் கணக்கு, தொற்றுத் தடுப்பு என்று துறை தெரிந்தவர் போலவே கேட்டார். முடிவில் என்னோடு பேச வேண்டும் என்றார். "அம்மாவுக்குச் சர்க்கரை என்று மகள் சொன்னாள், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?" என்று விசாரித்தார். அந்த ஒரு கேள்வியில் நான் விழுந்துவிட்டேன். பணி நியமனக் கடிதத்தை அச்செடுத்து, மூலையில் குங்குமம் வைத்துச் சாமி படத்தின் முன் வைத்தாள் என் மனைவி.

விசா பரிசீலனைக்கு 38,500. பிரிட்டன் அரசு மருத்துவச் சேவைக்கான சுகாதாரக் கட்டணம் 84,000. திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை 62,000. மூன்றும் மூன்று தனிநபர் கணக்குகளுக்குப் போயின. 'இந்தியப் பிரதிநிதிகள்' என்றார்கள். நான்காவதாகப் பயங்கரவாதத் தடுப்புச் சான்றிதழுக்கு 1,10,000 கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணை அவர்கள் கேட்கவே இல்லை. நாங்களும் பெரிய பாரம் குறைந்தது என்று மகிழ்ந்தோம். ஆனால் பிரிட்டனில் செவிலியராக வேலை பார்க்க அந்த நாட்டுச் செவிலியர் மன்றத்தில் பதிவு வேண்டும், அதற்கு ஆங்கிலத் திறனைக் காட்டியாக வேண்டும். சுகாதாரப் பணியாளர் விசாவுக்கு அந்தச் சுகாதாரக் கட்டணமே கிடையாது. இல்லாத கட்டணத்துக்கு 84,000 கட்டியிருக்கிறேன்!

வங்கி மேலாளர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "நீங்களாக அனுப்பிய பணம்தானே சார்" என்றார். வேலைவாய்ப்புத் தளத்துக்கு ஐந்து முறை எழுதினேன். ஐந்து முறையும் ஒரே பதில், புகார் எண் மட்டும் வேறு. காவல் நிலையத்தில், "உடனே 1930க்கு அழைத்திருக்க வேண்டாமா?" என்று கேட்டார்கள். இணையப் பணமோசடிப் புகாருக்கு அப்படி ஓர் உதவி எண் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதற்குள் நான்கு நாள் ஓடிவிட்டது.

என் அக்காள் மகன் கொதித்துப்போனான். "மாமா, இவர்களைச் சும்மா விடக் கூடாது" என்று, பணம் கட்டத் தயார் என என் பெயரில் பதில் போட்டான். இப்படி மோசடிக்காரர்களின் நேரத்தை வீணடிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்களாம். கிளை எது, கணக்கில் உள்ள பெயரின் எழுத்துகள் சரியா என்று ஒன்பது நாள் அவர்களை இழுத்தடித்து, நான்காவது கணக்கு எண்ணை வாங்கினான். அதைத் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் எங்கள் புகாரோடு சேர்த்தோம். அன்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனம் கொஞ்சம் ஆறியது. ஆனால் பணம் வரவில்லை.

அடுத்த வாரம் இன்னொரு மின்னஞ்சல். மோசடிக்காரர்களை மடக்கும் குழுவாம். என் பணத்தை முடக்கி வைத்திருக்கிறார்களாம். விடுவிக்க 15,000 கட்ட வேண்டுமாம். தொகையைச் சரியாக 1,84,500 என்றே எழுதியிருந்தார்கள். மனைவி சங்கிலியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். அக்காள் மகன்தான் தடுத்தான். மூன்று தவணையையும் கூட்டி ரூபாய் பிசகாமல் எழுத, வாங்கியவனைத் தவிர வேறு யாரால் முடியும்?

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. வேலை தருவதாகச் சொல்லிப் பணம் கேட்டால் கட்டாதீர்கள். ஏமாந்தது தெரிந்த நிமிடமே 1930க்கு அழையுங்கள். இழந்ததை மீட்டுத் தருகிறேன் என்று எவன் வந்தாலும் கதவைச் சாத்துங்கள். பழிவாங்கப் பதில் எழுதுபவர்கள் சொந்த மின்னஞ்சலில் எழுதாதீர்கள். நாங்கள் எழுதிவிட்டோம், இப்போது நள்ளிரவில் மிரட்டல் அழைப்புகள் வருகின்றன.

நாளைக் காலை அந்த அழைப்பு எண்களையும் எடுத்துக்கொண்டு மறுபடி சைபர் குற்றப் பிரிவுக்குப் போகிறேன்.